ஏழு மணி மாத்திரை

ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்த தினேஸ்வரியை இடித்துத் தள்ளாத குறையாக வந்த அம்மா, சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் தலைமாட்டில் ஒரு தட்டை வைத்தாள். கிளாஸில் பால், கிண்ணத்தில் இரண்டு அரைவேக்காட்டு முட்டை, அதை ஒட்டி ஒரு மாத்திரை.

"மணி ஏழாச்சிலா. நம்ம வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாதுல்ல, பக்கத்து வீட்டுச் சாந்தினிதான் அவிச்சிக் குடுத்துச்சி."

தினேஸ்வரி தட்டையே பார்த்தாள்.

"தெனமும் இப்படித்தானாம்மா? முட்டையும் மாத்திரையும் ஒண்ணாவா?"

"ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன ஒடம்பு, சத்து வேணாமா? ஆறு வருசம், ஒரு நாள் தவறல. ஆஸ்பத்திரியில நர்ஸ் ஏதோ வெளக்க வந்திச்சி. நான்தான், எம்மக மூளை மருந்துலதான் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கு, அது சொல்லிரும்னேன்."

அது சொல்லவில்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களின் சுவர் கண்டதையும் உள்ளே விடாது. எதை விடும், எதை மறிக்கும் என்பதுதான் காம்பார் நகர ஆய்வுக்கூடத்தில் பத்து வருடமாக அவள் பிழைப்பு. பார்க்கின்சன் நோய்க்கு அப்பா விழுங்கிய மருந்தும், முட்டையிலும் பாலிலும் உள்ள புரதமும் ஒரே வாசலில் முண்டியடிக்கும், மருந்து பின்தங்கிவிடும், கை கால் சொன்னபடி அசையாது. இதை மாநாட்டில் படம் போட்டு விளக்கிக் கைதட்டு வாங்கியவள், முக்கால் மணி நேரத்தில் இருக்கும் பீடோர் வீட்டுக்கு வந்து, அப்பா மாத்திரையை எதோடு விழுங்குகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாதம் ஒருமுறை வந்தாலும் மத்தியானச் சோற்றுக்குத்தான் வருவாள்.

முந்தாநாள் காலை எட்டு மணிக்கு, கால் எழும்பாமல் அப்பா குளியலறையில் விழுந்தார், தலையில் அடிபட்டு அதோடு போய்விட்டார். முட்டைதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

"ஏன் கேக்குற? நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

அம்மா தட்டை நேராக்கி வைத்தாள். தப்பு யாருடையது என்று தினேஸ்வரிக்குத் தெரியும். அதைச் சொல்லப்போனால் முட்டையைச் சொல்ல வேண்டும். முட்டையைச் சொன்னால் அம்மா மிச்ச நாளெல்லாம் அதையே சொல்லி அழுவாள்.

"இல்லம்மா. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க."

அம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். தினேஸ்வரியின் விரல் தானாகப் போய், மாத்திரையைத் தட்டின் மறு ஓரத்துக்குத் தள்ளியது.

"அங்க வைக்காத, தினேஸ். அப்பா கைக்கு எட்டாது."

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தினேஸ்வரி மாத்திரையை எடுத்து முட்டைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். பால் கிளாஸையும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள்.