மறவா அரணை

அவுஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்வன இனங்கள் இருக்கின்றன. அவற்றில் நூற்றிருபதுக்குத் தமிழ்ப் பெயர் வைத்த வினோஜா அந்த நாட்டைப் பார்த்ததேயில்லை. நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் தமிழ் படிப்பிக்கிறாள். அங்கே குடியேறிய பெரியம்மாவின் மகன் பார்த்தீபன் வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்புவான். இவள் பெயர்களை அனுப்புவாள்.

"புத்தகமாப் போடுவம், அட்டையிலை ரண்டு பேரின்ரை பேரும் வரும், பிள்ளை" என்றிருந்தான்.

கழுத்துத் தோலை விரிக்கும் ஓணானுக்குக் 'குடையோணான்' என்று வைத்தாள். அரணை என்றாலே மறதி என்பார்கள். ஆனால் ஒரு தடித்த அரணை வருடாவருடம் அதே துணையைத் தேடிப் போகுமாம். வட்டுக்கோட்டை பஸ்ஸில் நின்றபடி அதற்கு 'மறவா அரணை' என்று எழுதினாள்.

ஒரேயொரு பிழை விட்டாள். கட்டையாய், மொத்தமாய்க் கிடந்த ஒரு பாம்பைப் பார்த்ததும் 'புடையன்' என்று அனுப்பிவிட்டாள். யாழ்ப்பாணத்து வயல்களில் அப்படிக் கிடப்பது புடையன் என்ற விரியன்தான். இரண்டு நாளில் தவறு தெரிந்தது.

"அண்ணை, புடையன் எண்டு போடாதேங்கோ. வேறை பேர் தாறன்."

"ஓம் ஓம்" என்று பதில் வந்தது.

பார்த்தீபன் யாழ்ப்பாணம் வந்து வைத்த வெளியீட்டு விழாவுக்கு அம்மா குணலட்சுமி கூறைச்சேலை உடுத்து வந்து முன்வரிசையில் இருந்தாள். புத்தக அட்டையில் பார்த்தீபனின் பெயர் மட்டும் இருந்தது. வினோஜா உள்ளே புரட்டினாள். நன்றிப் பக்கத்தில் அச்சகத்தார்கூட இருந்தார்கள். மேடையில் சொல்வான் என்று நினைத்துக்கொண்டாள்.

"பாலைவனத்திலை கார் ஓட்டேக்கைதான் எனக்கு மறவா அரணை எண்ட பேர் வந்தது" என்றான் பார்த்தீபன். சபை கைதட்டியது.

விலங்கியல் ஆசிரியை மீனாம்பிகை எழுந்தார். "உந்தக் கட்டைப் பாம்பு நாகபாம்பின்ரை சொந்தமெல்லோ தம்பி. ஏன் புடையன் எண்டு போட்டனீங்கள்?"

பார்த்தீபன் சிரித்தான். "அது நான் வைச்ச பேரில்லை ரீச்சர். சித்தியின்ரை மகள் வினோஜாதான் ரைப் பண்ணித் தந்தவ. அவ விட்ட பிழை."

சபை சிரித்தது. கூரையில் சுழன்ற காற்றாடிச் சத்தத்தில் அம்மாவுக்கு மகளின் பெயர் மட்டுமே கேட்டது. முகம் மலரத் திரும்பினாள்.

"கேட்டியே? மைக்கிலை உன்ரை பேரைச் சொன்னவன்!"

"ஓம் அம்மா."

"என்னடி, அழுறியே?"

அம்மா ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பார்த்தீபனிடம் கையெழுத்து வாங்க வரிசையில் போய் நின்றாள்.