எண்ணிக்கையில் குறைவில்லை

அக்காவின் கண்ணைக் கெடுத்தது வைரஸ். மாத்திரையை ஏழு மாதம் தள்ளிப்போட வைத்தது நான்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை, ரத்தம் வந்ததும் செல்களைப் பிரித்து, சாயம் ஏற்றி, எண்ணும் கருவியில் ஓடவிடுவது. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே அதிகம். எச்.ஐ.வி. இருந்தும் மருந்து தொடங்காதவர்களின் உடம்பில் இயற்கைக் கொல்லி செல்கள் என்ன ஆகின்றன என்பதுதான் ஆய்வு. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டால் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கொல்பவை அவை. கொல்லி என்போம்.

அக்காவின் கணவர், மாமா, அதே நோயில் செத்த பிறகுதான் அக்காவுக்கும் நோய் இருப்பது தெரிந்தது. ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவள். நான்தான் அவளை ஆய்வில் சேர்த்தேன். ரத்தம் கொடுக்க வந்தாலாவது நர்ஸ் பேசி மாத்திரைக்குச் சம்மதிக்க வைப்பாள் என்று நினைத்தேன்.

"மாத்திரை இலவசம். இன்னிக்கே தர்றேன்," என்றாள் நர்ஸ்.

"ரூம்ல என்னோட நாலு பேரு. மாத்திரை டப்பா குலுங்கினா நாலு தலையும் நீளும்," என்றாள் அக்கா.

"உள்ள பஞ்சு வெச்சுக்கோக்கா," என்றேன்.

"பஞ்சு எதுக்குன்னு கேப்பாளுங்க. உனக்கு வாய் இல்லாத செல்லோட பழக்கம்டா. நான் வாயோட குடித்தனம் பண்றேன்."

எண்ணிக்கை அன்றைக்கே தெரிந்துவிடும். செல்கள் கொல்கின்றனவா என்பது அன்றைக்குத் தெரியாது. மிச்சத்தை உறையவைத்து, முப்பது பேருடையது சேர்ந்த பிறகு ஒரே நாளில் உருக்கி, கொல்லிக்கு இரையாகும் புற்றுச்செல்களோடு கலந்து, நான்கு மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று பார்ப்போம். தனித்தனி நாளில் செய்தால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. அதனால் இந்த வழக்கம்.

அக்காவின் ரத்தத்தை ஓடவிட்டபோது திரையில் ஒரு கூட்டம் தனியாக நின்றது. கொல்லிக்குரிய இரண்டு அடையாளங்களில் ஒன்று அவற்றில் உதிர்ந்திருந்தது. மொத்தக் கணக்கில் அவற்றையும் சேர்ப்பது எங்கள் முறை. சேர்த்தேன். ஒரு சொட்டில் இத்தனை என்று வந்த எண், நோயில்லாதவருக்கு இருப்பது போலவே இருந்தது.

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் அக்கா கேட்டாள். "என்னடா, என் ஆளுங்க எப்படி இருக்காங்க?"

சொல்லக்கூடாது என்பது விதி. சொன்னேன். "எண்ணிக்கையில குறைவே இல்லக்கா."

"அப்ப மாத்திரைக்கு என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

மாமா போன பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். நர்ஸ் எடுத்த மற்றப் பரிசோதனைகளின் முடிவை வாங்க அவள் வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

ஏழு மாதம் கழித்து முப்பது பேரின் செல்களையும் உருக்கினோம். என்னோடு வேலை செய்பவனைச் சொட்டை என்போம். அவன்தான் முடிவுகளைப் படித்தான்.

"பதினாறாம் நம்பரைப் பாரு. ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கப் போன கூட்டம். ஆள் இருக்கு, வேலை இல்ல."

பதினாறு அக்கா. குழாயில் அந்த எண்ணை எழுதியதே நான்.

மருந்து இல்லாத உடம்பில் வைரஸ் ஒரு நாளும் ஓயாது. அதோடு மல்லுக்கட்டியே கொல்லிகள் சோர்ந்துபோகும். அடையாளம் உதிர்ந்த பிறகும் ரத்தத்தில் சுற்றும். எண்ணினால் எண்ணிக்கைக்கு நிற்கும். கொல்லாது, மற்றச் செல்களை உதவிக்கும் கூப்பிடாது.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் பேசும் முன்பே அவள் பேசினாள். "ரெண்டு வாரமா கண்ணுக்குள்ள கொசு பறக்குதுடா. இன்னிக்கு வெட்டு கோணலாப் போயி நாற்பது சட்டைத் துணி பாழு. சூப்பர்வைசர் திட்டிக் கிழிச்சுட்டான்."

அன்றே கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெரும்பாலோர் உடம்பில் சும்மா தூங்கும் வேறொரு வைரஸ், காவல் தளர்ந்ததும் விழித்திரையைத் தின்றிருந்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கண்ணுக்கான மருந்தை இரண்டு வாரம் ஏற்றிய பிறகு எச்.ஐ.வி. மாத்திரையைக் கொடுத்தார்கள். அன்று காலை கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்குப் பொய்யா சொன்னே?"

"பொய் இல்லக்கா. எண்ணிக்கை சரிதான். வேலை செய்யுதான்னு அப்பத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேடா."

பக்கத்துக் கட்டில்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா குரலைத் தணிக்கவில்லை.

"இதைச் சாப்பிட்டா கண்ணு வருமா?"

"வராது."

"என் ஆளுங்க?"

"கொஞ்சம் பேரு வேலைக்குத் திரும்புவாங்க. மாசக்கணக்காகும்."

"எத்தனை பேரு?"

"தெரியாதுக்கா."

"சரி, கொடு," என்று கையை நீட்டினாள். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீண்டது கை. அந்தப் பக்கம் நகர்ந்து போய் மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன்.