கலர் அண்ணன் நடந்த தூரம்

பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கிற அவரை எல்லோரும் கலர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் கடைசியாகக் கேட்டது டாக்டர் அறை வாசலில். மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் அது தானே என்று அவருக்கு உறைத்தது.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு கலர் அண்ணன் வயிற்றைப் பார்த்தார். "சர்க்கரை ஏறியிருக்கு, கொழுப்பு ஏறியிருக்கு, எடை ஏறியிருக்கு. நீங்க மட்டும்தான் ஒரு படி கூட ஏறல. தினம் காலையில நடங்க" என்றார்.

அன்றைக்கே ஷூ வாங்கிவிட்டார். திங்கட்கிழமை ஆரம்பிப்பதாக முடிவு. ஏழு திங்கட்கிழமைகள் வந்து போயின. ஒன்றில் மழை. ஒன்றில் இருமல். ஒரு திங்கட்கிழமை எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. அதனாலேயே அதன்மேல் அவருக்குச் சந்தேகம் வந்து படுத்துவிட்டார். பெட்டிக்குள் இருந்த ஷூ தன்னை முறைப்பதாகத் தோன்றியதால் அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்தார்.

சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டாவது மாடியில் இரண்டு அறை, ஒரு ஆள். காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போய், ஊரைச் சுற்றிவிட்டு, அதே பூட்டைத் தானே வந்து திறக்க வேண்டும். இதற்கு எதற்குப் போக வேண்டும் என்பது அவர் கட்சி.

ஒரே மகள் வெளிநாட்டில் இருந்தாள். விஷயம் தெரிந்ததும் கையில் கட்டிக்கொள்கிற ரப்பர் பட்டை ஒன்றை அனுப்பினாள். ஒரு நாளைக்கு எத்தனை அடி எடுத்து வைக்கிறோம் என்று அது எண்ணும். அந்த எண் மகள் போனிலும் தெரியும். முதல் வாரம் தினமும் கூப்பிட்டுத் திட்டினாள். அவருக்கு அந்த வாரம் நன்றாகவே போயிற்று. பிறகு அவளுக்கும் வேலை, குழந்தை, அலுப்பு. நானூறு அடி என்றால் போனில் ஒரு அழுத முகப் படம் வரும். கடையில் சரக்கு இறங்கிய நாளில் நாலாயிரம் ஆனது. ஒரு கட்டைவிரல் வந்தது. குரல் வரவில்லை.

இப்படியே பத்தொன்பது நாள். இருபதாம் நாள்தான் அந்தத் தவறு நடந்தது.

கலர் கலந்த டின்னைக் குலுக்குவதற்குக் கடையில் ஒரு மெஷின் உண்டு. சாதாரணக் குலுக்கல் இல்லை. அதன்மேல் வைத்த டீ டம்ளர் ஒருமுறை பக்கத்துப் பூட்டுக் கடையில் கிடைத்தது, டீ சிந்தாமல். கலர் தெறிக்குமே என்று அன்று காலை பட்டையைக் கழற்றி மெஷினின் இரும்புக் கைப்பிடியில் மாட்டினார். மறந்துவிட்டார். அன்று முப்பத்திரண்டு டின் குலுக்கினார்.

சாயங்காலம் கடை மூடுவதற்குள் போன் வந்துவிட்டது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"கடையிலதாம்மா."

"அறுபத்தோராயிரம் அடி காட்டுது. நாப்பது கிலோமீட்டருக்கு மேல. உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?"

அப்போதுதான் அவருக்குப் பட்டை ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் அவள் சிரிப்பாள், சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

"சும்மா நடந்தேன். காலு நிக்கல" என்றார்.

இருபத்தாறு நிமிடம் பேசினாள். என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு போனீர்கள், செருப்பா ஷூவா. பில் போடுகிற பெண் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னண்ணே, முகம் புது டிஸ்டெம்பர் அடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள்.

மறுநாளிலிருந்து பட்டையை மறக்காமல் மெஷினில் மாட்டினார். ஐம்பதாயிரம், எழுபதாயிரம். தினமும் குரல் வந்தது. எங்கே நடந்தீர்கள் என்று கேட்டாள். அவருக்குத் தெரிந்த உலகம் கலர் அட்டைதான். அதில் ஆயிரத்து எண்ணூறு கலர், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். 'பனிமூட்டச் சாம்பல்' வழியாக இறங்கி, 'பழுத்த இலை' ஓரமாகத் திரும்பி, 'ஏரிக்கரை நீலம்' வரைக்கும் போய்வந்ததாகச் சொன்னார்.

"நம்ம பக்கத்துல ஏதுப்பா ஏரி?"

"இருக்கு. நீ பார்த்ததில்ல."

"அப்படியா. ஞாயித்துக்கிழமை போட்டோ எடுத்து அனுப்புங்க. பாப்பாவுக்குக் காட்டணும்."

ஞாயிறு காலை செய்தித்தாள்களை இறக்கி வைத்துவிட்டு ஷூவை மாட்டினார். ஏரி தேடிக் கிளம்பினார்.

முதல் தெருமுனையில் மூச்சு வாங்கியது. இரண்டாவது முனையில் முழங்கால் தனியாகப் பேச ஆரம்பித்தது. எண்பது வயதிருக்கும் ஒரு அம்மா பால் பையோடு அவரைத் தாண்டிப் போனார். போகிறபோது திரும்பிப் பார்த்து, "ஓரமா உக்காருங்க தம்பி" என்றார். சிமென்ட் கிடங்குக்குப் பின்னால், பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் அஸ்திவாரப் பள்ளம் இருந்தது. மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு வாத்தும் இருந்தது. வாத்து இருந்தால் ஏரிதான் என்று முடிவு செய்து, படம் எடுத்து அனுப்பிவிட்டு ஒரு செங்கல் குவியலில் உட்கார்ந்தார். பட்டை இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது காட்டியது.

போன் அடித்தது. எடுத்தார். பேச மூச்சு வரவில்லை.

"அப்பா? ஏன் இப்படி இரைக்குது?"

"நடந்தேம்மா."

"ரெண்டாயிரந்தானே காட்டுது. எழுபதாயிரம் நடக்கிறவருக்கா இந்த இரைப்பு?"

அவர் வாத்தைப் பார்த்தார். அது அவருக்கு உதவுகிற மாதிரி தெரியவில்லை.

"அது நான் இல்ல. பெயின்ட் குலுக்குற மெஷின்."

அவள் திட்டவில்லை.

"எதுக்குப்பா?"

"நாலாயிரத்துக்குக் கட்டைவிரல் வருது. அறுபதாயிரத்துக்கு நீ வர்ற."

"இன்னிக்கு ரெண்டாயிரம் நீங்களே நடந்ததா?" என்றாள்.

"நானேதான். முழங்காலைக் கேட்டுப் பாரு."

அவள் சிரிக்கவில்லை, மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது. பின்னால் குழந்தை எதற்கோ அழுதது. "பாப்பா எழுந்துட்டா, நான் வைக்கணும். மெதுவா நடந்து போங்க. வீட்டுக்குப் போனதும் ஒரு வார்த்தை அனுப்புங்க. அதுவரைக்கும் போனைக் கையிலேயே வெச்சிருப்பேன்."

வந்த தூரம் முழுவதும் திரும்பிப் போக இருந்தது. பர்ஸ் எடுத்து வரவில்லை. ஆட்டோ எல்லாம் காலியாகவே போயின. நின்று நின்று நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போனை எடுத்து 'வந்துட்டேன்' என்று அடித்தார்.

அனுப்பவில்லை. அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வரும். அவள் போனைக் கீழே வைத்துவிடுவாள்.

அதற்குள் அவளே கேட்டிருந்தாள்: 'எங்கப்பா இருக்கீங்க?'

அடித்ததை அழித்துவிட்டு, 'வழியில்' என்று அனுப்பினார்.

இனி அவளிடம் பொய் சொல்வதில்லை என்று செங்கல் குவியலில் உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்திருந்தார். ஆகவே வாசலைத் தாண்டி நடந்தார்.