நான்காம் வசனம்

மொழியியலில் எம்.ஏ. முடித்த எபினேசருக்கு ஒரகடம் தொழிற்பேட்டை கொடுத்த வேலை, பிரேக் தகட்டின் கனத்தை அளப்பது. அந்தக் குறை தீர ஞாயிறு மதியம் வல்லம் வடகால் சபையில் வேதபாடம் நடத்துவார். யார், யாரிடம், எந்தப் பேச்சின் நடுவில் சொன்னது என்று பார்க்காமல் வசனத்தைப் பிய்த்தெடுக்கக் கூடாது என்பதே அவருடைய ஒரே பாடம். ஏழு பேர் வருவார்கள், இருவர் மின்விசிறிக்காக.

அன்று செல்லக்கனி ஒரு தாளோடு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கம்பெனி கேன்டீனில் வேலை. மகன் தாவீது குடித்துவிட்டு வண்டியோட்டி, பஸ்ஸில் மோதிச் செத்து நாற்பது நாள். கல்லறைக் கல்லில் அவன் பெயருக்கும் தேதிகளுக்கும் கீழே வெட்ட வேண்டிய வசனமும் தாளில் இருந்தது: ஆரம்பம் அற்பமானாலும் முடிவு சம்பூரணமாகும்.

"பிழ இருக்கான்னு பாத்துக் குடுங்க தம்பி. நாளைக்கு வெட்டுதாவ."

"பிழை இல்லக்கா. ஆனா இது கடவுள் சொன்னதில்ல. துக்கம் கேக்க வந்த பில்தாத், யோபுகிட்ட சொன்னது. பில்தாத் பேசுனது சரியில்லன்னு கடைசில கடவுளே சொல்லிடுறாரு. பாதி ஊரு இத வாசல்ல மாட்டிகினு கீது."

மற்றவர்கள் சிரித்தார்கள். எபினேசருக்கு அது போதாதா?

"நம்பலன்னா யோபு எட்டாம் அதிகாரம் எடுங்க. மொதல்லேந்து, ஆளுக்கொரு வசனம்."

வழக்கம்போல் வலப்பக்கத்திலிருந்து யாக்கோபு தொடங்கினார். ஜோதி இரண்டாவதைப் படிக்கும்போதுதான் எபினேசரின் கண் முந்திக்கொண்டு ஓடி நான்காவதில் நின்றது. பாவம் செய்ததால்தான் உன் பிள்ளைகள் செத்தார்கள் என்று, பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவைப் பில்தாத் அதில் குத்திக்காட்டுகிறான். நாற்காலிகளை எண்ணினார். நான்காவது செல்லக்கனி.

இருமியிருக்கலாம். தண்ணீர் கேட்டிருக்கலாம். ஆனால் முழுசாகப் படியுங்கள் என்று நான்கு வருடம் தொண்டை கிழியக் கத்தியவர் பாதியில் நிறுத்தினால் மானம் போய்விடுமே. ஏழு பேர் முன்னால், அதுவும் இருவர் தூக்கத்தில்.

எவாஞ்சலின் மூன்றாவதை முடித்தாள்.

செல்லக்கனி விரல் வைத்து, திக்காமல் படித்தார். பிறகு அதையே இன்னொரு முறை, உதட்டுக்குள்.

"தெருவுல எல்லாரும் இதத்தான் சொன்னாவ," என்றார். "வேதத்துலயும் இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"அக்கா, அது தப்புன்னு கடவுளே சொல்றாரு. நாப்பத்திரெண்டாம் அதிகாரத்துல."

"அதுக்கு இன்னும் எத்தன அதிகாரம் கெடக்கு?"

"முப்பத்துநாலு."

"அவ்வளவு தூரம் என்னால முடியாது தம்பி. பேனா தாங்க."

கொடுத்தார். செல்லக்கனி வசனத்தை அடித்தார், முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு.

"பேரும் தேதியும் போதும். அது யாரு சொன்னதுன்னு கேக்க மாட்டியள்லா?"

எபினேசர் வாயைத் திறப்பதற்குள், அடுத்த நாற்காலிக்காரர் தன் முறை வந்துவிட்டதென்று ஐந்தாம் வசனத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார்.