சாலைக்குக் கீழே

தீ அணைந்து இரண்டு மாதம் கழித்துத்தான் மலையைத் திறந்துவிட்டார்கள். அதுவும் பாதிதான். சாலைக்கு மேலே வேட்டையாடலாம். கீழே, கருகிய காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மஞ்சள் ரிப்பன் கட்டிப் பலகையும் வைத்திருந்தார்கள். எல்க் மானுக்கு ரிப்பனாவது ஒன்றாவது! ரோடாவின் குண்டு வயிற்றில் பாய்ந்ததும் அது சாலையைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது.

"வேட்டை வார்டனுக்குச் சொல்லிடலாம்க்கா," என்றாள் தங்கை மார்லிஸ்.

"சிக்னல் எங்கடி இருக்கு? ஊருக்குப் போய் அவனைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள இருட்டிடும். அதுவரைக்கும் அது துடிச்சுக்கிட்டுக் கெடக்கணுமா? சுட்டவ நான். நான்தான் முடிக்கணும்."

"காத்து கிளம்பிடுச்சு பாரு. மரம் விழுந்து நீ போய்ச் சேர்ந்தேன்னா உன் புருஷனுக்கு என்ன பதில் சொல்றது?"

"இனிமே நிம்மதியாத் தூங்குன்னு சொல்லு." ரோடா சிரித்துக்கொண்டே ரிப்பனைத் தூக்கினாள். "நீ இங்கயே நில்லு. வாயைத் தொறக்காத. மரம் முறியற சத்தம் காதுல விழுந்தாத்தான் நான் ஓட முடியும்."

அடிபட்ட மிருகத்தை அப்படியே போட்டுவிட்டு வருகிறவளை அந்த மோன்டானா மலை ஊரில் எவரும் மதிக்க மாட்டார்கள். அது மார்லிஸுக்கும் தெரியும். அதனால்தான் அக்காவைத் தடுக்காமல் சாலையிலேயே நின்றாள்.

ரோடா சாம்பலில் கால் புதையப் புதைய இறங்கினாள். கொஞ்ச தூரத்தில் மான் படுத்திருந்தது. தலையை மட்டும் தூக்கி அவளையே பார்த்தது. அப்போதுதான் பக்கத்து மரம் சாய ஆரம்பித்தது. சத்தமே இல்லை. முறிவதற்கு வேர் இருந்தால்தானே! வேரெல்லாம் மண்ணுக்குள்ளேயே எரிந்து போயிருந்தது.

"அக்கா!"

ரோடா நின்றாள். கத்தியவளை முறைக்கத் திரும்பினாள். மரம் அவள் காலின்மேல் விழுந்தது.

மார்லிஸ் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பினாள். மரம் அசைந்து, கால் விடுபட்டது. தலைக்கு மேலே இன்னொரு மரம் ஆடிக்கொண்டிருந்தது.

"என்னை விடு. துப்பாக்கியை எடுத்து முதல்ல அதை முடி," என்றாள் ரோடா. வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது.

"மேல பாருக்கா!"

"ஒரு நிமிஷம்தான்டி. நீயும் சுடத் தெரிஞ்சவதானே?"

"முடியாது. அதுவாவது, மண்ணாவது! எனக்கு நீ வேணும்."

அக்காவை அக்குளில் பிடித்து இழுத்தாள். வழி நெடுக ரோடா திட்டினாள். கோழை என்றாள், இரக்கமில்லாதவள் என்றாள், அம்மா பெயரைக் கெடுக்கப் பிறந்தவள் என்றாள். மார்லிஸ் இழுப்பதை நிறுத்தவில்லை. துப்பாக்கி கீழேயே கிடந்தது.

சாலையில் நிறுத்தியிருந்த தங்கள் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மார்லிஸ் பயந்த அந்த மரம் அப்படியே நின்றது. ஆடியது, ஆனால் விழவில்லை. மானின் முனகல் சாலைவரை கேட்டது.

"நேரம் இருந்துச்சுடி," என்றாள் ரோடா. இந்த முறை குரலில் கோபம் இல்லை. அதுதான் மார்லிஸை அறுத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுபடியும் முனகல். மார்லிஸால் பொறுக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் போய் முடிச்சுட்டு வந்துடறேன்க்கா."

ரிப்பனை நோக்கி ஓர் அடிதான் வைத்திருப்பாள். பின்னாலிருந்து அவள் கோட்டு நுனியை ரோடா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உடைந்த கால் தரையில் இழுபட, வலியில் அலறினாள். பிடியை மட்டும் விடவில்லை.

"வேணாம்," என்றாள். "கத்தட்டும்."