வெட்டி எறிந்தது

அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். ஒலிப்பதிவுகளைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குவது அவள் வேலை. ஒலியை நீளமும் குட்டையுமான சிற்றலைகளாகப் பிரித்து, பெரியவற்றை வைத்துக்கொண்டு, ஒரு வரம்புக்குக் கீழே இருப்பதையெல்லாம் பூஜ்யமாக்கிவிட வேண்டும். வேவ்லெட் என்பார்கள். வீட்டிலிருந்தே இதய ஒலியைப் பதிந்து டாக்டருக்கு அனுப்பும் கருவிக்காக இப்போது வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரமாக மூச்சு வாங்குகிறது என்ற அப்பாவின் இதயமும் காலையில் அந்த வழியாகத்தான் போனது. ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் பதில் அனுப்பிவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை தண்ணீர் குடித்தாள். நான்காவது முறை காலி டம்ளரைக் குடித்தாள்.

வெட்டி எறிந்ததை மட்டும் தனியே எடுத்து ஒருமுறை கேட்பது அவள் வழக்கம். ஊரார் இதயம் இருநூறையும் அப்படிக் கேட்டவள், சொந்த அப்பாவுடையதைக் கேட்கவில்லை. பயம், வேறென்ன.

ஹெட்போனை மாட்டினாள். எறிந்ததில் வெறும் இரைச்சல்தான் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால், தாளம் தப்பாமல், மெல்லிதாக ஓர் 'உஸ்'. வெறும் இரைச்சலுக்கு ஏது தாளம்? நோயில்லாத இருநூறு பேரைப் பார்த்து வரம்பு வைத்தவள், அவர்களிடம் இல்லாததைக் குப்பை என்று தீர்மானித்துவிட்டாள்.

வெட்டாத பதிவை டாக்டருக்கு அனுப்பிவிட்டு அப்பாவை அழைத்தாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"நம்ம வீட்டுப் படியில. அஞ்சாவது மாடி. லிஃப்ட் எதுக்கு, டாக்டரே சொல்லிட்டாரே."

"அங்கயே உக்காருங்க."

"ஏன், உன் கருவிதான நல்லா இருக்குன்னுச்சு?"

"அது சரியாத்தான் கேட்டுச்சுப்பா. நான்தான் வெட்டிட்டேன்."

திரையில் டாக்டரின் செய்தி வந்து விழுந்தது: உடனே கூட்டி வாருங்கள். மேஜைப் போனில் ஆம்புலன்சுக்கு விலாசம் சொன்னாள். அதற்குள் அப்பாவின் பக்கம் சத்தமே இல்லை. கைப்பேசியும் அவளைப் போலத்தான். பேச்சை வைத்துக்கொண்டு மூச்சை எறிந்துவிடும்.

"அப்பா, பேசிக்கிட்டே இருங்க. சும்மா மூச்சு விட்டா எனக்குக் கேக்காது."

"என்னத்தப் பேச?"

"ஏதாவது. என்னைத் திட்டுங்க."

"எங்கேருந்து ஆரம்பிக்க?" என்றவர், அவள் பிறந்த நாளிலிருந்தே ஆரம்பித்தார். ஒரு சொல்லையும் விடாமல் கேட்டபடி அவள் அலுவலக வாசலுக்கு ஓடினாள்.