எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள்

பல்கேரியாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் டோல்னா ப்ரெஸ்னித்ஸா நகராட்சியில், நில வரைபடப் பிரிவுக்கு நான்கு மடிக்கணினிகள் வாங்க வேண்டியிருந்தது. திரையில் எத்தனை புள்ளிகள் இருக்க வேண்டும் என்பதை நவம்பர் எட்டாம் தேதி முடிவு செய்வோம் என்று பிரிவுத் தலைவர் ரங்கெல் முதாஃபோவ் சொன்னதுமே நெவேனாவுக்கு முடிவு தெரிந்துவிட்டது. நவம்பர் எட்டு, ரங்கெல் என்று பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பெயர்த் திருநாள். திருநாள்காரர் விருந்தாகக் கொடுத்த பனித்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையை அவருக்கு எதிராகத் தூக்கிய ஆள் அந்த அலுவலகத்தில் கிடையாது. அதனால் தமக்கு வேண்டிய தீர்மானங்களையெல்லாம் முதாஃபோவ் அந்த ஒரு நாளுக்கென்று சேர்த்து வைப்பார். வண்டி நிறுத்துமிடத்தில் நிழல் விழும் ஒரே இடம் அவருடையதானது போன வருடத் திருநாளில்தான்.

நெவேனா முப்பது வருடமாக வரைபடம் திருத்துகிறவள். ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. ஒரு நாளைக்கு இருபது மனைகள் திருத்த வேண்டும், முடியாதவர்கள் நிலவறை ஆவணக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று அந்த வருடம்தான் விதி வந்திருந்தது. கிடங்கில் சுவர் வியர்க்கும். ஏற்கெனவே அவளுடைய முழங்கால்கள் மழையை வானிலை அறிக்கைக்கு முன்பே சொல்லிவிடும். பதினான்கு மாதமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"சார், நம்ம வரைபட புரோகிராம் பழசு. கோட்டைப் பெருசாக்கலாம், மனை நம்பரைப் பெருசாக்க முடியாது. அது எப்பவும் பதினோரு புள்ளி உயரம்தான். புள்ளி பொடிசானா நம்பரும் பொடிசாயிடும். அதனால பெரிய திரை, குறைஞ்ச ரெசல்யூஷன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பது போதும் சார்."

"போதுமா?" முதாஃபோவ் சிரித்தார். "ஆத்துக்கு அந்தப் பக்க நகராட்சிக்காரன் என்ன வாங்கினான் தெரியுமா, யாவோர்?"

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் யாவோர், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான். "இரண்டாயிரத்து ஐந்நூத்து அறுபது சார்."

"கேட்டீங்களாக்கா? அவனுக்குக் கீழ போகணுமாம் நாம. யாவோர், இருக்கறதுல எது ரொம்ப ஜாஸ்தி?"

"மூவாயிரத்து எண்ணூத்து நாப்பதுக்கு இரண்டாயிரத்து நூத்து அறுபது. ஆனா நம்ம பணத்துக்கு அது பதிமூணு இஞ்ச் திரையிலதான் வரும் சார்."

"மொத்தம் எத்தனை புள்ளி?"

"எண்பத்து மூணு லட்சம்."

அந்த எண் மேசையைச் சுற்றி ஒரு வலம் வந்தது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. புள்ளி என்றால் என்ன என்று கேட்டால் பாதிப்பேர் திருதிருவென விழித்திருப்பார்கள். ஆனால் எண்பத்து மூன்று லட்சம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து முப்பத்தேழு லட்சத்தைவிடப் பெரியது என்பது தெரிய எந்தப் படிப்பும் வேண்டாம். முதாஃபோவ் தம் ரக்கியாச் சாராயக் கோப்பையைத் தூக்கினார். கைகளும் தூக்கப்பட்டன. நெவேனா மேசையைப் பார்த்தாள். அவள் தட்டிலும் அவர் வீட்டுப் பனித்ஸா பாதி கடித்தபடி இருந்தது. அவளும் கையைத் தூக்கினாள்.

ஜனவரியில் கணினிகள் வந்தன. பிரித்து வைத்ததும் வரைபடம் திருத்தும் நான்கு பெண்களும் நாற்காலியிலிருந்து எழுந்து, திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்கள். முகப்புத் திரையில் வானத்தின் படம் மட்டும் அற்புதமாக இருந்தது, மேகத்தின் மயிரிழை தெரிந்தது. வரைபடத்தைத் திறந்தால், கசகசா கொட்டினாற்போல் மனை எண்கள்.

"யாவோர், இந்தப் புள்ளிகளைக் குறைக்க முடியாதா?" என்றாள் நெவேனா.

"ரெண்டு தட்டுல முடியும்க்கா. பாதியாக்கினா நாலு புள்ளி சேர்ந்து ஒரு புள்ளி வேலையைப் பார்க்கும்."

"நம்ம ஆபீஸ் மாதிரியேன்னு சொல்லு. சரி, தட்டு."

யாவோர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஐயையோ, நான் மாட்டேன். சட்டத்தைக் கேட்டுட்டு வாங்க."

சட்டம் என்றால் மேல்மாடியில் இருக்கும் வழக்கறிஞர் ராலித்ஸா. நகங்களில் சாயம் காயும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நாம வாங்கினது எண்பத்து மூணு லட்சம். தீர்மானத்துல, ஒப்படைப்புப் பத்திரத்துல, முத்திரையோட இருக்கு. நீங்க இருபத்தோரு லட்சத்துல ஓட்டினா, மீதி அறுபத்திரண்டு லட்சம் எங்க போச்சுன்னு தணிக்கைக்காரன் கேப்பான். என்ன சொல்றது?"

"திரைக்குள்ளயேதான்மா இருக்கும், எங்கயும் போகாது."

"அதை எழுத்துல கொடுக்க முடியுமாக்கா? முடியாதில்ல? தலைவர் கையெழுத்துப் போட்ட உத்தரவு கொண்டாங்க."

முதாஃபோவ் உத்தரவு தர மறுத்துவிட்டார். தம் திருநாளில் எடுத்த தீர்மானத்தைத் தாமே திருத்தினால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். "கண்ணாடியை மாத்துங்கக்கா," என்றார்.

கண்ணாடியை மாற்றினாள். தபால்தலை சேர்க்கும் கணவனின் உருப்பெருக்கியையும் கொண்டுவந்தாள். இருபது மனை பதினொன்றானது, பிறகு ஒன்பதானது; நால்வரில் அதுதான் குறைவு. மார்ச் மாதம் அறிவிப்பு வந்தது: மே முதல் நெவேனாவுக்குக் கிடங்கில் பணி.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, முதாஃபோவ் சிவந்த முகத்தோடு ஒரு காகிதத்தை அவள் மேசையில் அடித்தார்.

ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு தோட்ட வீடு, மனை எண் 118. பக்கத்து மனை 113, பல் வைத்தியர் ஹினோவுடையது. இரண்டுக்கும் நடுவே இருந்த துண்டு நிலத்தை 118-இல் சேர்க்கச் சொல்லி முதாஃபோவ் விண்ணப்பித்திருந்தார். நெவேனா 113-இல் சேர்த்துவிட்டாள். அந்தத் துண்டில்தான் அவருடைய செர்ரி மரமும் இறைச்சி சுடும் அடுப்பும் இருந்தன.

"நேத்து போறேன், அந்த ஆள் என் மரத்தடியில மடக்கு நாற்காலி போட்டு உக்காந்திருக்கான்! என் அடுப்புல மிளகாய் சுடறான்! கேட்டா, 'வாங்க ரங்கெல், விருந்தாளியா வந்திருக்கீங்க, ஒண்ணு சாப்பிடுங்க'ங்கறான்!"

"நல்லா இருந்துதா சார்?"

"என்னது?"

"மிளகாய்."

மற்ற மூன்று பெண்களும் அவசரமாகத் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். எப்படியும் முகங்கள் அங்கேதான் புதைந்திருந்தன.

"இப்பவே திருத்துங்க!"

நெவேனா கணினியை அவர் பக்கம் திருப்பினாள். உருப்பெருக்கியை நீட்டினாள். "நூத்திப் பதினெட்டு எது, நூத்திப் பதிமூணு எதுன்னு காட்டுங்க சார். உடனே திருத்தறேன்."

முதாஃபோவ் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு மிக உறுதியாக ஒரு கசகசாவின் மேல் விரலை வைத்தார்.

"வடிவத்தைப் பார்த்தா அது நூத்திப் பதினாறு சார். கல்லறைத் தோட்டம்."

அவர் நிமிர்ந்தார். "வேற யாராவது திருத்துங்க!"

"பிழை பண்ணின கைதான் திருத்தணும், சார். கையெழுத்து ஒத்துப்போகணும். உங்க சுற்றறிக்கைதான், போன வருஷம்." அவள் குரலை உயர்த்தவில்லை. "அவசரமில்லைன்னா இருக்கட்டும். செர்ரி ஜூன்லதானே பழுக்கும்."

அரை மணி நேரத்தில் ராலித்ஸா உத்தரவை அடித்துக் கொடுத்தாள். நெவேனாவின் கணினியில் மட்டும், தவிர்க்க முடியாத சேவைத் தேவை கருதி, திரையின் ரெசல்யூஷன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு ஆயிரத்து எண்பதாகக் குறைக்கப்படுகிறது. முதாஃபோவ் பேனா காகிதத்தைக் கிழிக்கும்படி கையெழுத்திட்டார். யாவோர் வந்து இரண்டு முறை தட்டினான். எண்கள் எழுந்து நின்றன. இரண்டு நிமிடத்தில் செர்ரி மரம் வீடு திரும்பியது.

அன்று சாயங்காலத்துக்குள் நெவேனா இருபத்தாறு மனைகளை முடித்திருந்தாள்.

மறுநாள் முதாஃபோவ் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "அக்கா, வேலை முடிஞ்சுதே. திரையைப் பழையபடி வெச்சிடுங்க."

"வெச்சிடலாம் சார். உத்தரவுல எந்த நாள் வரைக்கும்னு போடலையே. ராலித்ஸாவைக் கேட்டேன். இந்த உத்தரவு தப்புன்னு நீங்க இன்னொண்ணு எழுதிக் கொடுக்கணுமாம்."

தாம் தவறிவிட்டதாக முதாஃபோவ் எழுதிக் கொடுத்த காகிதம் அந்தக் கட்டடத்தில் ஒன்றுகூட இல்லை. இனியும் இருக்கப்போவதில்லை. தலை கதவிடுக்கிலிருந்து மறைந்தது.

மே மாதம் வந்தது. பிரிவில் இருபது மனைக்கு மேல் திருத்தக்கூடிய ஆள் நெவேனா ஒருத்திதான் என்பதால் அவளைக் கிடங்குக்கு அனுப்ப வழியில்லாமல் போயிற்று. மற்ற மூவருக்கும் கிடங்கு பயம் பிடித்துக்கொண்டது. அவர்களுக்கோ ஊருக்கு வெளியே தோட்டமும் இல்லை, அதில் நாற்காலி போட்டு உட்காரும் பல் வைத்தியரும் இல்லை. ஆகவே உத்தரவும் இல்லை. அவரவர் கோப்போடு நெவேனாவின் மேசைக்கு நாற்காலியை இழுத்து வந்தார்கள். முறைபோட்டு, ஆளுக்கு இரண்டு மணி நேரம், நான்கு பேர் ஒரே கணினியில்.

மற்ற மூன்று கணினிகளும் மூலையில் திறந்தபடியே இருந்தன. ஜூலையில் வந்த தணிக்கைக்காரர் அவற்றைத்தான் முதலில் பார்த்தார். மேகத்தின் மயிரிழையைப் பார்த்து மெச்சி, புள்ளிகள் முழு எண்ணிக்கையில் இருப்பதாக எழுதிவிட்டுப் போனார்.